பெரிய துறைமுகத்துக்கு எதிரே ஒரு சின்னத் துறை

ஊரில் பெரிய சுப்பர் மார்க்கட் ஒன்று திறக்கப்பட்டால், "இனி நம்ம கதை முடிந்தது" என்று சில்லறைக் கடைக்காரர்கள் கவலைப்படுவதைக் கேட்டிருக்கிறோம். அந்தக் கவலைக்குப் பதில் சொல்லும் ஊரொன்றை மத்தியதரைக் கடற்கரையில் காணக் கிடைத்தது. அதை வியாபார நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிசிலிக்குத் தெற்கே இருக்கிறது மோல்டா. பரப்பு 316 சதுர கிலோமீற்றர். நமது கொழும்பு மாவட்டத்தில் பாதிகூட இல்லை. 1964 வரை பிரித்தானியர் ஆண்ட நாடு. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, 2008 முதல் யூரோவைப் பயன்படுத்துகிறது. தொழில் விடயமாக அங்கு போயிருந்தபோது, ஒக்டோபர் மாதத்து ஞாயிறொன்று ஓய்வாகக் கிடைத்தது. தலைநகர் வலெட்டாவில் பஸ் ஏறி, தென்கிழக்குக் கரையிலுள்ள மார்சஷ்லொக் என்ற மீனவர் ஊருக்குப் போனேன்.

பெயரே நமக்குப் பழக்கமானதுதான். 'மர்ஸா' என்றால் அரபியில் துறைமுகம். 'ஷ்லொக்' தென்கிழக்குக் காற்று. 870இல் அரபிகள் கைப்பற்றிய தீவு அது. 1091இல் நோர்மன்கள் வந்தார்கள். இன்று மக்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். ஆனால் மொழி அரபியிலிருந்து வந்தது, லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். சந்தை 'ஸூக்', ரொட்டி 'ஹொப்ஸ்', மீன் 'ஹூத்'. இறைவனையும் 'அல்லா' என்றே அழைக்கிறார்கள்.

துறையில் நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை பூசிய மரப்படகுகள் வரிசையாக நிற்கின்றன. 'லுட்சு' என்று பெயர். ஒவ்வொன்றின் முகப்பிலும் இருபுறமும் கண் வரைந்திருக்கிறார்கள். அதே குடாவின் எதிர்ப்பக்கம் பார்த்தால் கொள்கலன் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானுயர நிற்கின்றன. 1988இல் தொடங்கிய அது, கொழும்பைப் போலப் பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்குக் கொள்கலன் மாற்றிக் கொடுக்கும் துறைமுகம். இன்னொரு பக்கம் மின்நிலையம். இத்தனைக்கும் நடுவில் சின்னத் துறை எப்படிப் பிழைக்கிறது?

பதில் ஞாயிறு மீன் சந்தையில் இருக்கிறது. கரையோரம் முழுவதும் மேசை போட்டு, ஐஸ் பரப்பி விற்கிறார்கள். அந்தப் பருவத்தில் 'லம்புக்கி' என்ற மீன்தான் ராஜா. ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் வரை பிடிபடும். பிடிக்கும் விதம் சுவையானது. மிதவையில் ஓலை கட்டிக் கடலில் விடுகிறார்கள். வெயிலுக்கு அதன் நிழலில் மீன் வந்து ஒதுங்கும். பிறகு வலையால் வளைக்கிறார்கள். மீனைத் துரத்திப் போவதில்லை, நிழல் போட்டு வரவழைக்கிறார்கள்.

வாடிக்கையாளர் விடயத்திலும் அதுவேதான். விற்றுக்கொண்டிருந்த பெண்மணியிடம் விலை குறைக்கக் கேட்டேன். சிரித்துவிட்டு, தன் பின்னால் நின்ற படகைக் காட்டினார். "இரவு இதில் வந்தது" என்றார், அவ்வளவுதான். அந்த வார்த்தையைச் சொல்ல எந்தப் பெரிய கடையாலும் முடியாது. உள்ளூர்க் குடும்பங்கள் பை நிறைய வாங்கிப் போனார்கள். வெளிநாட்டார் பக்கத்து உணவகங்களில் அதே மீனைச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மீன் என்றபடியால் நமக்கும் தயக்கமில்லை.

கவலை தரும் விடயமும் உண்டு. சந்தையில் மீன் மேசைகளை விட ஞாபகப் பொருள், தொப்பி, மேசைவிரிப்புக் கடைகள் அதிகமாகத் தெரிந்தன. அவை எந்தச் சுற்றுலா ஊரிலும் கிடைக்கும் சரக்கு. சில லுட்சுக்கள் மீனுக்குப் போவதை விட்டு, பயணிகளை ஏற்றிக் குடாவைச் சுற்றிக் காட்டுகின்றன. உடனடி வருமானம் வருகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் தொப்பிக் கடைக்கு ஆளை அழைத்து வருவதே அந்த மீன்தான். மீன் மேசை இல்லாமற் போனால் தொப்பிக்காரருக்கும் வியாபாரம் இல்லை.

நமது கடைகளுக்கும் இது பொருந்தும். பக்கத்துப் பெரிய கடையோடு விலையில் மோதினால் நாம் தாங்கமாட்டோம். நம் கையால் அரைத்த மிளகாய்த் தூளா, நாமே தெரிந்தெடுத்த துணியா, கொப்பியில் எழுதிக் கடன் கொடுக்கும் நம்பிக்கையா, எதற்காக மக்கள் நம் படியேறுகிறார்கள் என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும். இலாபம் கூடிய வேறு சரக்கு வந்து சேரும்போது, அந்த ஒன்றுக்குரிய இடத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.