கே.பி.ஏ.சி. என்பது இனிஷியல் இல்லை... தெரியுமா?

கொச்சியின் மட்டாஞ்சேரி என்றதும் மிளகு மண்டி, யூதர் தெரு, டச்சு அரண்மனை எல்லாம் நினைவுக்கு வரும். அதே மட்டாஞ்சேரியில், 1953 செப்டம்பர் 15 அன்று, துறைமுகத் தொழிலாளர்கள்மீது போலீஸ் சுட்டது தெரியுமா?

அங்கே அன்றாடம் வேலை கிடைக்க ‘சாப்பா’ என்ற டோக்கன் வேண்டும். கூட்டத்துக்கு நடுவே அதை வீசி எறிவார்கள். முட்டி மோதிப் பொறுக்கியவனுக்குத்தான் அன்றைக்குக் கூலி! அந்தக் கொடுமையை எதிர்த்த போராட்டத்தில்தான் துப்பாக்கி வெடித்தது. ராஜீவ் ரவி இயக்கி 2023-இல் வந்த ‘துறமுகம்’ படம் சொன்னது இந்தக் கதையைத்தான்.

சிவப்பு, அதாவது கம்யூனிசம், என்றாலே ஆட்சியாளர்கள் பதறிய காலம் அது. அந்தப் பதற்றம் மேடையேறிய பெண்களையும் விட்டுவைக்கவில்லை!

ஒளிந்திருந்தவர் எழுதிய நாடகம் தெரியுமா?

போலீஸ் வலைவீசித் தேட, தலைமறைவாக இருந்தார் கம்யூனிஸ்டான தோப்பில் பாசி. அங்கிருந்தபடியே ‘சோமன்’ என்ற புனைபெயரில் எழுதினார் ‘நிங்ஙள் என்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகத்தை! 1950-இல் தொடங்கிய கே.பி.ஏ.சி. என்ற ‘கேரளா பீப்பிள்ஸ் ஆர்ட்ஸ் கிளப்’ 1952 டிசம்பர் 6 அன்று கொல்லம் அருகே சவறையில் அதை அரங்கேற்றியது. பாட்டு ஓ.என்.வி. குறுப்பு, இசை தேவராஜன். மேடையில் சுலோசனா, விஜயகுமாரி, சுதர்மா. நல்ல வீட்டுப் பெண் நாடகத்தில் நடிப்பதா என்று ஊர் முகம் சுளித்த காலத்தில், கட்சி நாடகத்தில் நடித்தவர்கள் இவர்கள்!

தடை போட்ட சட்டத்துக்கு வயது என்ன தெரியுமா?

1953-இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசு அந்த நாடகத்துக்குத் தடை விதித்தது. கையில் எடுத்த ஆயுதம், வெள்ளைக்காரன் 1876-இல் கொண்டுவந்த நாடகச் சட்டம்! நாடகக்காரர்கள் அடங்கினார்களா? கோவளத்தில் தடையை மீறி நடித்தார்கள், கைதானார்கள். பிறகு தடை விலகியது, நாடகம் ஊர் ஊராகப் போனது. நாலே வருடத்தில், 1957 ஏப்ரல் 5 அன்று, கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியே வந்துவிட்டது!

அந்தச் சட்டத்தை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1956-இல் செல்லாது என்றது. ஆனாலும் சட்டப் புத்தகத்திலிருந்து அது முழுசாக நீங்கியது எப்போது தெரியுமா? 2018-இல்!

மேடையிலேயே குறிவைக்கப்பட்ட நடிகை தெரியுமா?

பெயர் நிலம்பூர் ஆயிஷா. 1950-களில் இ.கே. அயமு எழுதிய இடதுசாரி நாடகத்தில் நடிக்க வந்த இளம் முஸ்லிம் பெண். அரசு தடுக்கவில்லை, ஊர் தடுத்தது. கல்லெறிந்தார்கள். நடித்துக்கொண்டிருக்கும்போதே ஏர்கன்னால் சுட்டார்கள். குறி தப்பியது, ஆயிஷா நடிப்பை விடவில்லை! 1961-இல் வந்த மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம்பெச்ச கோட்டு’ படத்திலும் இருக்கிறார். ஆனால் கைதட்டல் சோறு போடுமா? பிற்பாடு சவுதி அரேபியாவுக்குப் போய் வீட்டு வேலை செய்தார். 2023-இல் மஞ்சு வாரியர் நடித்த ‘ஆயிஷா’ படத்துக்கு மூலம் இவர் வாழ்க்கைதான்.

நம் மதுரையிலும் ஒருவர் உண்டு, தெரியுமா?

நாடக நடிகர் விசுவநாததாசோடு ஜோடி சேர்ந்து மேடையைக் கலக்கிய நடிகை கே.பி. ஜானகி அம்மாள். பாடி நடித்துச் சம்பாதித்ததையும் நகைகளையும் கம்யூனிஸ்ட் கட்சிக்கே கொடுத்தார். இரண்டாம் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறைக்கும் போனார். 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது!

அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா?

கே.பி.ஏ.சி. பிறந்த அதே 1950-இல் அமெரிக்காவில் ‘ரெட் சேனல்ஸ்’ என்று ஒரு புத்தகம் வந்தது. ரேடியோ, டி.வி. உலகைச் சேர்ந்த 151 பேரைச் சிவப்புச் சாயம் பூசிப் பட்டியல் போட்டது. பியானோ மேதை ஹேசல் ஸ்காட் அதில் ஒருவர். தன் பெயரிலேயே டி.வி. நிகழ்ச்சி நடத்திய கறுப்பினப் பெண்! செப்டம்பர் 22 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் தானே போய் நின்று மறுத்துப் பேசினார். ஒரே வாரம், நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது!

நடிகை லீ கிராண்ட் முதல் படத்திலேயே ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். கணவரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் 12 ஆண்டுகள் வாய்ப்பில்லாமல் இருந்தார். பிறகு மீண்டுவந்து, 1976-இல் ஆஸ்கரே வாங்கினார்!

மெக்சிகோ நடிகை ரொசாவுரா ரெவுவெல்டாஸ் கதை இன்னும் மோசம். கோவளத்தில் கைது நடந்த அதே 1953-இல், இடதுசாரிகள் எடுத்த ‘சால்ட் ஆஃப் தி எர்த்’ படப்பிடிப்பு முடிவதற்குள்ளேயே அவரைப் பிடித்து நாட்டை விட்டு அனுப்பினார்கள்!

கடைசியாக ஒன்று, தெரியுமா?

‘அமரம்’, ‘சாந்தம்’ படங்களுக்குத் தேசிய விருது வாங்கிய கே.பி.ஏ.சி. லலிதாவின் இயற்பெயர் மகேஸ்வரி. லலிதா என்று பெயர் வைத்தவர் அதே தோப்பில் பாசி! எர்ணாகுளம் பக்கத்துத் திருப்பூணித்துறையில் 2022 பிப்ரவரி 22 அன்று அவர் காலமானார். அவர் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பா பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. ஒருகாலத்தில் அரசு தடை போட்ட நாடகக் குழுவின் பெயர்!

அமெரிக்காவில் பட்டியலில் பெயர் ஏறினால் பிழைப்பு போனது. கேரளத்திலோ, தடைபட்ட குழுவின் பெயரை நடிகைகள் பட்டம்போலச் சூடிக்கொண்டார்கள். அடுத்த முறை மலையாளப் படத்தின் டைட்டிலில் ‘கே.பி.ஏ.சி.’ என்று பார்த்தால், பக்கத்தில் இருப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்!