பெற்றோருக்கும் வகுப்பு உண்டு: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ஒரு தேடல்

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில், எல்லையோரக் கிளைகளில் பணிபுரியும் எங்களுக்குக் குழந்தைகள் பெயரில் கணக்குத் தொடங்கும் வேலையே மிகுதியாக இருக்கும். அவ்வாறான ஒரு நாளில், ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் எட்டு வயதுச் சிறுமியுடன் வந்தார். படிவத்தைப் பிழையின்றி நிரப்பியிருந்தார். பாதுகாவலர் என்ற இடத்தில் தம் பெயரையும், உறவுமுறை என்ற இடத்தில் ‘அப்பா’ என்றும் எழுதியிருந்தார். ஆனால் பிறப்புச் சான்றிதழில் இருந்தது வேறொருவர் பெயர். சிறுமியின் தந்தை இறந்துவிட்டார். தாயை இவர் மறுமணம் செய்துகொண்டிருக்கிறார்.

அந்தப் படிவத்தை எங்களால் ஏற்க இயலவில்லை. இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 1956, தன் 6-ஆம் பிரிவில் இயற்கைப் பாதுகாவலர் யார் என்று வரையறுக்கிறது. தந்தை, தாய் என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கமாட்டார்கள் என்று அதே பிரிவின் விளக்கக் குறிப்பு தெளிவாகக் கூறுகிறது. எனவே சிறுமியின் தாய் வந்து கையொப்பமிட்டால் போதும் என்று விளக்கினோம். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “அப்பொ நான் இவளுக்கு ஆரு சாரே?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் படிவத்தில் கட்டம் ஏதும் இல்லை. மறுநாள் தாய் வந்தார், கணக்கும் தொடங்கப்பட்டது. ஆயினும் கேள்வி எங்களிடமே தங்கிவிட்டது. பிறர் குழந்தைக்குப் பெற்றோராக முனைபவருக்கு, ஏன், தம் குழந்தைக்கே நல்ல பெற்றோராக விழைபவருக்கும், வழிகாட்டும் இடம் இவ்வட்டாரத்தில் எங்கே இருக்கிறது? அந்தத் தேடலின் விளைவே இக்கட்டுரை.

பெயரிலேயே தொடங்கும் சுமை

தமிழில் ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்ற தொடரை அறியாதவர் இல்லை. மாநிலத்திற்கு உரிய நிதி வராவிட்டாலும், ஊருக்குப் பேருந்து வராவிட்டாலும் செய்தித்தாள்கள் எடுத்தாளும் தொடர் அது. இவ்வட்டார மலையாளத்திலோ ‘ரண்டானம்ம’, ‘ரண்டானச்சன்’ என்பார்கள். இரண்டாம் இடம் பெயரிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. புதிய உறவொன்றை ஏற்று ஒரு வீட்டிற்குள் நுழைபவர், இந்தப் பெயர்களின் சுமையோடுதான் நுழைகிறார்.

மறுமணத்தை அரசுகள் ஊக்குவிக்கின்றன. கேரளத்தில் வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள கைம்பெண்களின் மறுமணத்திற்கு ‘மங்கல்யா’ திட்டத்தில் ரூ.25,000 வழங்கப்படுகிறது. எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரிலான மறுமண நிதியுதவித் திட்டம் உள்ளது. திருமண நாளுக்கு உதவி உண்டு. அடுத்த நாள் காலையில், ‘நீங்க எங்க அப்பா இல்ல’ என்று சொல்லும் குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு உதவி எங்கே?

உதவி இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் நடந்து செல்லும் தூரத்திலேயே இருக்கிறது. ஆனால் ‘பெற்றோர் வகுப்பு’ என்ற பலகையை மாட்டிக்கொண்டு அது நிற்பதில்லை. வேறு பெயர்களில், வேறு கட்டடங்களில் இருக்கிறது. தேடுவோர் கண்ணில் படாமற்போவதற்கு இதுவே முதற்காரணம்.

தட்ட வேண்டிய கதவுகள்

முதற்கதவு அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 திட்டப் பகுதிகளில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கிளை அது. ஊட்டச்சத்து மாவு வாங்கும் இடம் என்றே பலரும் அதனை அறிவர். ஆனால் தாய்மார் கூட்டங்களும் குழந்தை வளர்ப்பு விளக்கங்களும் அங்கேயே நடைபெறுகின்றன. கேரள மகளிர் மற்றும் குழந்தை மேம்பாட்டுத் துறை, ‘பேரன்டிங் கிளினிக்’ என்ற ஆலோசனை மையங்களையும் இத்திட்டத்தின் வழியாக நடத்தி வருகிறது. பாறசாலை, பெருங்கடவிளை ஆகிய ஒன்றியங்களைச் சேர்ந்த குடும்பங்கள் தத்தம் அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டாலே, எந்த நாளில் எங்கே செல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, நம் வங்கிக்கு மிகவும் அறிமுகமான கதவு: குடும்பஸ்ரீ. 1998 மே 17 அன்று மலப்புறத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இவ்வியக்கத்தின் அயல்கூட்டங்களுக்குக் கடன் இணைப்பு வழங்குவதற்காக நாங்கள் அடிக்கடி செல்வதுண்டு. 10 முதல் 20 குடும்பங்களின் பெண்கள் கூடும் இந்தக் கூட்டம், சேமிப்பையும் கடனையும் மட்டும் பேசுவதற்கானதன்று. சிறுவர்களுக்கான பாலசபைகளும், துயருற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ‘சிநேகிதா’ உதவி மையமும் இதன் அங்கங்களே. வகுப்பு வேண்டும் என்று ஒரு பெண் தனியாகக் கேட்கத் தயங்கலாம். ஓர் அயல்கூட்டமே தீர்மானம் எழுதி, ஊராட்சி அளவிலான சி.டி.எஸ். அலுவலகத்தில் கொடுத்தால், யார் வீட்டில் என்ன சிக்கல் என்று எவரும் கேட்கப்போவதில்லை.

மூன்றாவது பள்ளி. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தை நன்கொடை பேசும் கூட்டம் என்று ஒதுக்கிவிடுகிறோம். கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பலவற்றில் மனநல ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டுள்ளனர். குழந்தையைப் பற்றி மட்டுமன்றி, குழந்தையோடு பேசும் முறை பற்றியும் அவர்களிடம் கேட்கலாம்.

நான்காவது மருத்துவமனை. பாறசாலை தாலுகா தலைமை மருத்துவமனையும் நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையும் இப்பகுதி மக்களுக்கு அருகிலேயே உள்ளன. குழந்தையின் வளர்ச்சியிலோ நடத்தையிலோ கூடுதல் கவனம் தேவைப்பட்டால், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையைச் சுற்றி வாழ்வோருக்குக் குழித்துறை அரசு மருத்துவமனை அருகில் இருக்கிறது.

வெளியே செல்ல இயலாதவர்களுக்குத் தொலைபேசிக் கதவும் உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098.

தமிழில் கேட்கலாமா?

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. இஞ்சிவிளையிலும் காரோட்டிலும் கடைத்தெருவில் மலையாளம், அடுக்களையில் தமிழ் என்று வாழும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. விலை பேச எந்த மொழியும் போதும். மனம் நொந்ததைச் சொல்லத் தாய்மொழிதான் வருகிறது. மலையாளத்தில் நடக்கும் வகுப்பில் தலையசைத்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பும் தாய்மார் இருக்கிறார்கள்.

இதற்கும் வழி உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து கொள்ள இடமளிக்கிறது. ‘எங்கள் வார்டில் தமிழ் அறிந்த ஆலோசகரைக் கொண்டு ஒரு வகுப்பு நடத்துக’ என்ற விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.

வகுப்பில் என்ன கற்பிக்கிறார்கள்?

பிள்ளை வளர்க்கப் பாடமா, நம் பாட்டிமார் எந்த வகுப்புக்குப் போனார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டிமாருக்கு வகுப்பாக இருந்தது கூட்டுக்குடும்பம். இன்று தந்தை வளைகுடாவில், தாய் வெளியூர் மருத்துவமனையில் செவிலியராக, குழந்தை தாத்தாவிடம் என்று பிரிந்து வாழும் வீடுகள் இவ்வட்டாரத்தில் பல. உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், 17 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு இத்தகைய பயிற்சிகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது.

கற்பிக்கப்படுபவை எளியவை. அடியாமல் கண்டிப்பது, தவறு நேர்ந்தபோது திட்டுவதைவிட நன்று நேர்ந்தபோது பாராட்டுவது, நாள்தோறும் சிறிது நேரமேனும் கைபேசியை வைத்துவிட்டுக் குழந்தை தேர்ந்தெடுத்த விளையாட்டில் சேர்ந்துகொள்வது. மாற்றாந்தந்தைக்கும் மாற்றாந்தாய்க்கும் வல்லுநர்கள் கூடுதலாக மூன்று அறிவுரைகள் தருகிறார்கள். தொடக்கக் காலத்தில் கண்டிக்கும் பொறுப்பு பெற்றவரிடமே இருக்கட்டும். புதியவர் முதலில் நட்பைச் சம்பாதிக்கட்டும். ‘அப்பா’, ‘அம்மா’ என்று அழைக்கும்படி வற்புறுத்த வேண்டாம். மறைந்தவரின் அல்லது பிரிந்தவரின் படத்தைச் சுவரிலிருந்து அகற்ற வேண்டாம். அவரை நினைப்பது புதியவரை வெறுப்பதாகாது. இந்த உறவு முதிர்வது மாதக்கணக்கில் அன்று, ஆண்டுக்கணக்கில். இதை முன்பே அறிந்தவர், முதல் ஆண்டிலேயே தோற்றுவிட்டதாக எண்ணமாட்டார். நம் வைப்புத்தொகைத் திட்டங்களிலும் இடையில் முறிப்பவருக்கே இழப்பு!

நாங்கள் சொல்லக்கூடியது

வங்கி அலுவலர்கள் என்ற முறையில் சில செய்திகள். குழந்தையின் கணக்கைத் தாய் பாதுகாவலராக இருந்து தொடங்கலாம். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல் அளித்த தீர்ப்பு, தாயின் பாதுகாவலர் உரிமையை வலுப்படுத்தியது. ரிசர்வ் வங்கியின் 2025-ஆம் ஆண்டு அறிவுறுத்தலின்படி, 10 வயது நிறைந்த சிறார், வங்கி விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டுத் தாமே கணக்கை இயக்கலாம். மாற்றாந்தந்தையோ மாற்றாந்தாயோ சட்டப்படியே பெற்றோராக விரும்பினால், 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் அதற்கென வழிமுறை உள்ளது. ஆணை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். தத்தெடுக்காத நிலையில், மாற்றாந்தந்தையின் சொத்தில் அக்குழந்தைக்குத் தானாகப் பங்கு வந்துவிடாது. அன்பு உள்ளவர் நியமனதாரர் பெயரைப் பதிவதோடு நில்லாது, உயிலும் எழுதிவைப்பது நன்று.

அந்தச் சிறுமியின் கணக்கில் மாதந்தோறும் சிறு தொகை ஏறி வருகிறது. தாயின் அயல்கூட்டத்தில் கேட்டறிந்து, குழந்தை வளர்ப்பு வகுப்பு ஒன்றுக்குக் கணவன் மனைவி இருவருமே சென்று வந்ததாகப் பின்னர் அறிந்தோம். “அங்க ஆம்பிளை நான் ஒருத்தன்தான் சாரே” என்று அவர் சிரித்தார். சிறுமி அவரை இன்னமும் ‘மாமா’ என்றே அழைக்கிறாள். சென்ற முறை வந்தபோது, பாஸ்புத்தகத்தில் பதிவு முடிந்ததும் அதை வாங்கி, “மாமா, நீங்க பத்திரமா வையுங்க” என்று அவர் சட்டைப்பையில் அவளே வைத்தாள்.

வாடிக்கையாளர் பெருமக்கள் அடுத்த முறை அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ செல்லும்போது, ‘பெற்றோருக்கான வகுப்பு எப்போது?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்பவர் இருந்தால்தான் வகுப்பும் நடக்கும்.