உலகக் கோப்பையில் ஆடாத உலக வீரர்: ஜார்ஜ் வேயா

1995ஆம் ஆண்டு உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான ஃபிஃபா விருதும், ஐரோப்பாவின் 'பாலன் டி ஓர்' தங்கப் பந்து விருதும் லைபீரியாவின் ஜார்ஜ் வேயாவுக்குக் கிடைத்தன. இவ்விரண்டையும் பெற்ற ஆப்பிரிக்க நாட்டு வீரர் அவர் ஒருவரே. ஆனால் உலகக் கோப்பைப் போட்டியில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. அவர் ஆடிய காலத்தில் லைபீரியா ஒருமுறையும் அதற்குத் தகுதி பெறவில்லை.

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் உள்ள சிறிய நாடு லைபீரியா. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கடல் கடந்து வந்து குடியேறி, 1847இல் அதைக் குடியரசாக அறிவித்தார்கள். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக ஆட்சியும் செல்வமும் அந்தக் குடியேறிகளின் வாரிசுகளிடமே இருந்தன. பூர்வகுடிகள் ஓரத்தில் நின்றார்கள். அப்படி ஓரத்தில் நின்ற இனங்களில் ஒன்று க்ரூ. அந்த இனத்தில் 1966 அக்டோபர் 1 அன்று பிறந்த வேயா, தலைநகர் மொன்ரோவியாவின் கிளாரா டவுன் என்ற குடிசைப் பகுதியில் வளர்ந்தார். சதுப்பு நிலத்தைத் தூர்த்து எழும்பிய இடம் அது. மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். பெற்றோர் பிரிந்துவிட்டதால் பாட்டிதான் வளர்த்தார்.

உள்ளூர் கிளப்புகளில் ஆடத் தொடங்கிய வேயா, மைட்டி பரோல், இன்வின்சிபிள் இலெவன் ஆகிய அணிகளில் பெயர் பெற்றார். பந்து அப்போது சோறு போடவில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் தொழில்நுட்ப ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். பிறகு கேமரூன் சென்று, யாவுண்டே நகரின் டோனேர் அணியில் சேர்ந்தார். கேமரூன் தேசிய அணிக்கு அப்போது பயிற்சியாளராக இருந்த பிரெஞ்சுக்காரர் கிளோட் லெ ராய் இந்த இளைஞரின் ஆட்டத்தைக் கண்டு, மொனாக்கோ கிளப்பின் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கருக்குத் தகவல் சொன்னார். 1988இல் வேயா மொனாக்கோ போய்ச் சேர்ந்தார். அவருக்காக மொனாக்கோ கொடுத்த தொகை 12,000 பவுண்டு அளவுதான் என்று சொல்லப்படுகிறது. பின்னாளில் அவர் எட்டிய உயரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத பணம்.

புதிய ஊர், புரியாத மொழி, பழகாத குளிர். வெங்கர் அவரை மகனைப் போலப் பார்த்துக்கொண்டார். பயிற்சியில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவர்கள் போன பிறகும் நிறுத்திவைத்துத் தனியாக உழைக்க வைத்தார். கடுமையாக உழைத்தால் உலகின் சிறந்த வீரர்களில் ஒருவராகலாம் என்று முதன்முதலில் தன்னிடம் சொன்னவர் வெங்கர்தான் என்று வேயா பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1989இல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரரானார். அதே ஆண்டு டிசம்பரில் லைபீரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது.

மொனாக்கோவுடன் 1991இல் பிரெஞ்சுக் கோப்பை. பாரிஸ் செயின்ட் ஜெர்மன் அணிக்கு மாறியபின் 1994இல் பிரெஞ்சு லீக் பட்டம். 1994-95 சாம்பியன்ஸ் லீக்கில் வேறு எவரையும்விட அதிக கோல்கள். அந்தத் தொடரின் அரையிறுதியில் பாரிஸ் அணியைத் தோற்கடித்த ஏசி மிலான் கிளப்பே அந்தக் கோடையில் அவரை வாங்கியது. கணுக்கால் காயத்தால் மார்கோ வான் பாஸ்டன் ஓய்வு பெற்று, மிலானின் முன்வரிசை வெறுமையாகியிருந்த நேரம் அது.

பாலன் டி ஓர் விருதுக்கு 1994 வரை ஐரோப்பிய நாட்டவரை மட்டுமே கருத்தில் கொண்டார்கள். பெலே, மரடோனா போன்றவர்களுக்கு அதனால்தான் ஆடிய காலத்தில் அது கிடைக்கவில்லை. ஐரோப்பிய கிளப்பில் ஆடும் எந்த நாட்டவரும் பெறலாம் என்று 1995இல் விதி மாறியது. மாறிய முதல் ஆண்டிலேயே விருது கிளாரா டவுன்காரருக்குப் போனது. அடைத்திருந்த கதவு அது. திறந்ததும் முதலில் நுழைந்தவர் ஓர் ஆப்பிரிக்கர்.

அவருடைய ஆட்டத்தின் சாரத்தை அறிய ஒரே ஒரு கோல் போதும். 1996 செப்டம்பர் 8, மிலானின் சான் சீரோ மைதானம், எதிரணி வெரோனா. ஆட்டம் முடியும் தறுவாயில் வெரோனா அடித்த கார்னர் கிக், மிலானின் பெனால்டி பகுதிக்குள் நின்றிருந்த வேயாவின் காலில் வந்து விழுந்தது. தற்காப்புக்கு இறங்கி வந்திருந்த முன்வரிசை வீரர் பந்தை வெளியே தள்ளிவிடுவதுதான் வழக்கம். வேயா ஓடத் தொடங்கினார். நடுக்களத்தில் எதிரணியினர் சூழ்ந்து அடைத்தபோது, விழப் போகிறார் என்று தோன்றிய நொடியில் உடலைச் சுழற்றி அவர்களுக்கு நடுவே வெளியே வந்தார். யாருக்கும் பந்தைக் கொடுக்கவில்லை. மறுமுனைக்குப் போய்த் தாழ்வாக உதைத்தார்; கோல். ஏறக்குறைய மைதானத்தின் முழு நீளத்தையும் ஒருவராகவே கடந்திருந்தார். பலமும் வேகமும் பந்தின் மேல் மென்மையான பிடியும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அபூர்வம் என்பதை, அந்தக் காணொளியை இன்று பார்க்கிறவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் போர்த்தோ அணியுடனான ஆட்டத்துக்குப் பிறகு, எதிரணி வீரர் ஒருவரைத் தலையால் முட்டி மூக்கை உடைத்தார். தன்னை இனவெறிச் சொற்களால் தொடர்ந்து இழிவுபடுத்தினார் என்பது வேயாவின் குற்றச்சாட்டு; அந்த வீரர் மறுத்தார். வேயாவுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் ஆறு ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. நேர்மையான ஆட்டத்துக்கான ஃபிஃபா விருது 1996இல் அவருக்கே வழங்கப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நியாயம்.

மிலானுடன் 1996, 1999 ஆண்டுகளில் இத்தாலிய லீக் பட்டங்கள். கடனாகச் சென்ற செல்சியில் 2000ஆம் ஆண்டு எஃப்ஏ கோப்பை. அதன்பின் மான்செஸ்டர் சிட்டி, மார்செய், கடைசியாக ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஜசீரா. 2003இல் ஓய்வு.

இந்தப் பெருமையெல்லாம் ஐரோப்பிய கிளப்புகளின் சீருடையில் வந்தவை. 'லோன் ஸ்டார்' எனப்படும் லைபீரிய தேசிய அணியின் நிலையோ வேறு. போரில் சிதைந்த நாட்டின் கஜானாவில் கால்பந்துக்குக் காசு இல்லை. சக வீரர்களின் விமான டிக்கெட், சீருடை, சம்பளம் என்று பெரும்பகுதிச் செலவை வேயா தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார், கேப்டனாக ஆடினார், ஒரு கட்டத்தில் பயிற்சியும் அளித்தார். 1996, 2002 ஆப்பிரிக்கக் கோப்பைகளில் லைபீரியா ஆடியது. 2002 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் நைஜீரியா 16 புள்ளி, லைபீரியா 15. ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்பு போனது. தங்கப் பந்தைவிட, அந்த 15 புள்ளிகளே அவர் வாழ்வின் பெரிய ஆட்டச் சாதனை என்று சொல்லலாம்.

போர் 2003இல் ஓய்ந்தது. இரண்டு கட்டங்களாக நடந்த அதில் மாண்டவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் என்பது பொதுவான மதிப்பீடு. 2005 அதிபர் தேர்தலில் வேயா நின்றார். முதல் சுற்றில் முந்தியவர், இரண்டாம் சுற்றில் ஹார்வர்டில் படித்த எலன் ஜான்சன் சர்லீஃபிடம் தோற்றார். படிப்பில்லாதவர் ஆளத் தகுமா என்ற கேள்வி பிரசாரம் முழுக்க அவரைத் துரத்தியது. அவர் படிக்கப் போனார். நாற்பது வயதைத் தாண்டியபின் அமெரிக்காவில் வணிக நிர்வாகத்தில் பட்டம் வாங்கினார். 2014இல் செனட்டர். 2017 டிசம்பரில் ஜோசப் போகாயை 61 சதவீதத்துக்கு மேல் வாக்கு பெற்று வென்று அதிபரானார். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் மற்றொருவருக்கு அமைதியாக ஆட்சியை ஒப்படைப்பது, 1944க்குப் பிறகு லைபீரியாவில் அதுவே முதல்முறை.

2018 செப்டம்பரில், அவர் அணிந்த 14ஆம் எண் சீருடைக்கு ஓய்வு தருவதற்காக நைஜீரியாவுடன் ஒரு நட்பு ஆட்டம் நடந்தது. 51 வயது அதிபர் களமிறங்கி 79 நிமிடம் ஆடினார்.

ஆட்சி அவ்வளவு இனிமையாக அமையவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குக் கட்டணத்தை நீக்கியது நல்ல காரியம். ஆனால் விலைவாசி ஏறியது. 2019இல் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஊழல் புகாரில் அவருடைய அரசின் மூத்த அதிகாரிகள் மூவர் மீது 2022இல் அமெரிக்கா தடை விதித்தது. அதே ஆண்டு இறுதியில் அவர் ஒரு மாதத்துக்கும் மேலாக வெளிநாட்டில் இருந்தது கண்டனத்துக்கு உள்ளானது. அந்தப் பயணத்தின் ஒரு பகுதி கத்தார் உலகக் கோப்பை. நியூயார்க்கில் பிறந்த அவருடைய மகன் டிமொத்தி, அமெரிக்க அணிக்காக வேல்ஸுக்கு எதிராக கோல் அடித்தார். தகப்பனுக்கு எட்டாத களத்தில் மகன் அடித்த கோல் அது. கிளாரா டவுன் மக்களுக்கோ அன்று அரிசி விலை பெரிய கவலை.

2023 தேர்தலில் அதே போகாய் மறுபடி எதிரே நின்றார். வேயா தோற்றார்; வித்தியாசம் சுமார் 20,000 வாக்குதான். கினியா, மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் என்று மேற்கு ஆப்பிரிக்காவில் ராணுவங்கள் ஆட்சியைப் பிடித்திருந்த காலம். நவம்பர் 17 இரவு, எண்ணிக்கை முழுமையாக முடியும் முன்பே வேயா போகாயைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். மக்கள் பேசிவிட்டார்கள் என்று வானொலியில் நாட்டுக்குச் சொன்னார். 2024 ஜனவரி 22 அன்று போகாய் பதவியேற்றார்.