கீமோ தொடங்கும் முன்: துணையாக நிற்பவர் அறிய வேண்டியவை

கணவருக்கோ மனைவிக்கோ புற்றுநோய் பரவிவிட்டது, அடுத்த வாரம் கீமோ ஆரம்பம் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் சொல்வது, "தைரியமா இருங்க" என்பதைத்தான். தைரியம் வரும், போகும். அதைவிட உங்களுக்கு உதவப்போவது, என்ன நடக்கப்போகிறது என்ற தெளிவு.

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது: "இந்தக் கீமோ நோயை முழுசா குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா?" சில நிணநீர்ப் புற்றுநோய்களும் விந்தகப் புற்றுநோயும் பரவிய பிறகும்கூடக் குணமாவதுண்டு. ஆனால் நுரையீரல், கணையம், இரைப்பை போன்ற இடங்களில் தொடங்கிப் பரவிய நோய்க்குப் பெரும்பாலும் கட்டியைச் சுருக்கவும், வலியைக் குறைக்கவும், நாட்களைக் கூட்டவும்தான் கீமோ தருகிறார்கள். எத்தனை சைக்கிள், எப்போது ஸ்கேன், பலன் இல்லையென்றால் அடுத்தது என்ன என்பதையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சின்போது நோயாளியும் அறையில் இருக்கட்டும். "அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று கெஞ்சும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் வார்டின் பலகையை அவர் படிக்கிறார், நம் முகங்களையும் படிக்கிறார். மறைப்பதால் அவருடைய பயம் குறைவதில்லை. அதைச் சொல்லி அழ ஆளில்லாமல் போகிறது. எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். போதும் என்று அவர் நிறுத்தினால் அங்கே நிறுத்துங்கள்.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன. புற்று செல்களோடு முடியின் வேர், வாய், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் உள்ள நல்ல செல்களும் அடிபடுகின்றன. எல்லா மருந்திலும் முடி கொட்டாது; கொட்டும் மருந்தென்றால் இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும். அது மனதை நோகடிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை.

ஆபத்து மஜ்ஜையில்தான். மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்துவிடும். அப்போது சாதாரணக் கிருமித்தொற்றுகூடச் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கலாம். அதனால் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். 100.4 டிகிரியைத் தொட்டாலோ, காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் எடுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்பதும் தவறு; காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று மறையாது. உடனே ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் "கீமோ நடக்குது, காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்; வரிசையில் உட்கார வைக்க விடாதீர்கள். சிகிச்சை பெறும் ஊர் தொலைவில் என்றால், நள்ளிரவில் போகக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று டாக்டரிடமே முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். சிகிச்சை ஃபைல் எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தராமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஒண்டான்செட்ரான் போன்றவை மலச்சிக்கல் உண்டாக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தாளிக்கிற வாசனையே குமட்டும் நாட்கள் வரும். இட்லி, குழைந்த சாதம், கஞ்சி என ஆறியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். "சாப்பிட்டாத்தான் தெம்பு" என்று தட்டோடு பின்னால் நிற்காதீர்கள். அந்த வற்புறுத்தல் இருவரையும் அழ வைக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாக வேண்டும்.

எந்த மருந்து என்று பெயரைத் தெரிந்து வைத்திருப்பது வீண் பயத்தைத் தவிர்க்கும். டாக்சோரூபிசின் ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம். குடல் புற்றுநோய்க்குத் தரும் ஆக்ஸாலிப்ளாட்டின் என்றால் சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் தொட்டாலே விரல் சுரீர் என்னும், தொண்டை இறுகும். எல்லாமே வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

புற்றுநோய் தொற்றாது. தனித் தட்டு, தனி டம்ளர் வேண்டாம். கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். மருந்து ஏற்றிய முதல் 48 மணி நேரம் மட்டும் வாந்தி, சிறுநீர், மலத்தைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்தால் போதும். யாரோ சொன்ன நாட்டு மருந்தை டாக்டருக்குத் தெரியாமல் சேர்க்காதீர்கள். அது ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து அடுத்த சைக்கிளைத் தள்ளிப்போட வைக்கலாம்.

வலி தணிப்புச் சிகிச்சையைக் கடைசி நாட்களுக்கு உரியது என்று ஒதுக்குகிறோம். அமெரிக்காவின் பாஸ்டனில், நோய் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வின் முடிவு வேறு. தொடக்கத்திலிருந்தே அந்தச் சிகிச்சையும் பெற்றவர்கள் கூடுதல் நிம்மதியோடு இருந்தார்கள். இடைநிலைக் கணக்கில் மற்றவர்கள் 8.9 மாதம் வாழ, இவர்கள் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். கீமோவோடு சேர்த்தே அதையும் கேளுங்கள்.

செலவுக்கு, தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கீமோவுக்கும் உதவும். சிகிச்சைக்கு ரயிலில் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் முழுச் சலுகையும், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு; ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வேண்டும்.

பல மாதம் நீளக்கூடிய வேலை இது, தனியாக முடியாது. உங்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்கும் அண்ணனிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ, "வியாழக்கிழமை மதியம் இவர்கூட இருங்க, நான் கொஞ்சம் தூங்கணும்" என்று நாள் குறித்துக் கேளுங்கள். முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.