வீட்டு இன்டர்நெட்டில் சொந்த சர்வர்: உண்மையிலேயே காசு மிச்சமா?

"ஹோஸ்டிங்குக்கு எதுக்கு மாசாமாசம் பணம் கட்டணும்? பழைய கம்ப்யூட்டர் வீட்ல சும்மாதானே கிடக்கு?" நியாயமான கேள்விதான். ஆனா சும்மா கிடக்கிற வரைக்கும்தான் அது இலவசம்.

சர்வர்னா 24 மணி நேரமும் ஓடணும். 80 வாட் இழுக்கிற டெஸ்க்டாப் மாசத்துக்கு 720 மணி நேரம் ஓடினால் 57.6 யூனிட். நம்ம ஊர் இபி பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. அப்போ ஒரு பில்லில் 115 யூனிட் கூடும். வீட்ல ஏசியும் இருந்தா, இந்த யூனிட் எல்லாம் மேல் ஸ்லாப் ரேட்டில் போய் விழும். சுமார் 5 வாட்டில் ஓடுகிற ராஸ்பெர்ரி பை என்றால் அதே ரெண்டு மாசத்துக்கு 7.2 யூனிட்தான். என்ன, அதைக் காசு கொடுத்து வாங்கணும்!

அடுத்து ஐபி. பல பிராட்பேண்ட் கம்பெனிகள் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதுக்குப் பேர் சிஜிநாட். ரூட்டர் செட்டிங்ஸில் 'டபிள்யூஏஎன் ஐபி' 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். வெளியிலிருந்து யாரும் நேரா உங்க சர்வருக்கு வர முடியாது. ஸ்டாட்டிக் ஐபி கேட்டா தனிக் கட்டணம். கிளவுட்ஃபிளேர் டனல் இதை இலவசமாவே தீர்க்கும், சொந்த டொமைன் மட்டும் வேணும்.

கத்துக்கிறதுக்கு வீட்டு சர்வர் சூப்பர். சைடு இன்கம் தர்ற சைட்டை மட்டும் அதில் வைக்காதீங்க, கரண்ட் போனா கடையும் மூடிடும். போர்ட் எதையும் திறக்கிறதுக்கு முன்னாடி ஆபீஸ் லேப்டாப்பை கெஸ்ட் வைஃபைக்கு மாத்திடுங்க.