ஸ்பொன்சர் கோப்பு யார் கையில்?

கலியாண அல்பத்தில் அறுநூறு படங்கள் இருக்கலாம். கனடாவுக்குப் போகும் கோப்பில் வைக்கக்கூடியவை இருபதுதான். பொன்னுருக்கலில் மாப்பிள்ளை வீட்டார் கூடி நிற்கும் படம் ஒன்று, தாலி ஏறும் நேரம் ஒன்று, பெரியவர்கள் அறுகரிசி போடுகையில் ஒன்று, பிறகு நுவரெலியாவிலோ கொடைக்கானலிலோ எடுத்தவை நாலைந்து. வட்ஸ்அப் உரையாடல்களுக்கும் அளவு உண்டு: பத்துப் பக்கம். விடிய விடிய எழுதிய குறுஞ்செய்திகளில் எதை ஓர் அந்நியர் வாசிக்கலாம் என்று யாரோ உட்கார்ந்து தெரிவு செய்யவேண்டும். பல வீடுகளில் அந்த ‘யாரோ’ மாப்பிள்ளையும் அவர் பிடித்த ஆலோசகரும்தான். பெண்ணிடம் கேட்பது கையொப்பம் மட்டும்.

கனடா மாப்பிள்ளை பற்றி யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சாதகப் பொருத்தம், சீதனப் பேச்சு, மண்டபம், கூறை எல்லாம் ஊர் அறிந்த சங்கதி. எழுத்து முடிந்த மறுநாள் தொடங்குகிற அலுவலைத்தான் மாப்பிள்ளை பக்கத்துப் பொறுப்பென்று விட்டுவிடுகிறோம். “பைல் போட்டாச்சு” என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு கோல் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் பைலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

உள்ளே இருப்பது ஒரு திருமணத்தின் முழு வரலாறு. ஐஎம்எம் 5532 என்ற படிவம் துருவித் துருவிக் கேட்கிறது. உங்களை அறிமுகப்படுத்தியது யார்? முதன்முதலில் நேரில் கண்டது எந்த நாள், எந்த இடம்? சடங்கு நடந்ததா, யார் யார் வந்தார்கள்? இருவரில் ஒருவருக்கு முன்பே திருமணம் ஆகியிருந்ததா? எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள்? இவற்றை வாசிக்கும் விசா அதிகாரி இரண்டு விடயங்களை எடைபோடுகிறார். உறவு உண்மையானதா என்பது ஒன்று. வதிவிட உரிமை எடுப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு நடந்த திருமணமா என்பது மற்றது. 2010 செப்டெம்பர் வரை இரண்டிலும் தவறினால்தான் நிராகரிக்கலாம். அந்த மாதம் 30ஆம் திகதியிலிருந்து ஒன்றில் தவறினாலே போதும். இன்றைக்கு மனமொத்து வாழ்கிற தம்பதியாக இருந்தாலும், தாலி கட்டிய அன்று நோக்கம் வேறாக இருந்தது என்று அதிகாரி முடிவெடுத்தால் விண்ணப்பம் விழுந்துவிடும்.

பேசிச் செய்த கலியாணங்கள் இடறுவது இந்த இடத்தில்தான். மூன்று கிழமை லீவில் வந்து, பெண் பார்த்து, எழுத்தையும் தாலிகட்டையும் முடித்துவிட்டுத் திரும்புவது நமக்கு வழமை. அதிகாரியின் கண்ணுக்கு அது அவசரம். ஆடி பிறக்கமுதல் முடிக்கவேண்டும் என்று நாள் பார்த்த காரணத்தை எழுதி விளக்கினால்தான் அவருக்கு விளங்கும். பெண் ஒன்றிரண்டு வயது மூத்தவர், ஒருவருக்கு இது மறுமணம், வந்த சனம் குறைவு, மாப்பிள்ளையின் தகப்பன் எந்தப் படத்திலும் இல்லை - இவை ஒவ்வொன்றும் கேள்வியாக மாறக்கூடியவை. நேர்முகத்துக்கு அழைத்தால், கணவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், அவருடைய அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள், முதல் ஆளோடு ஏன் பிரிந்தார் என்றெல்லாம் பெண்தான் பதில் சொல்லவேண்டும். படிவத்தில் உள்ளதும் வாயால் சொல்வதும் பொருந்தவேண்டும். தன் படிவத்தையே வாசிக்காதவர் எப்படிப் பொருத்திச் சொல்வார்?

கலியாணம் நடந்த இடமும் சிக்கல் தரும். அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் எடுத்தவர், பிரஜாவுரிமை எடுக்கமுதல் இலங்கைக் கடவுச்சீட்டில் ஊருக்கு வந்துபோனால், அவருக்குப் பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று கணித்து அந்த வதிவிட உரிமையையே பறிக்க வழி உண்டு. 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி அது. யுத்த காலத்தில் தொடங்கிய சென்னை, திருச்சிக் கலியாணங்கள் பிறகும் தொடர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே உறவினர் பாதிப்பேர் வரமுடியாது, படங்களில் சனம் இராது, அதற்கும் விளக்கம் எழுதவேண்டும். மாப்பிள்ளை ஸ்காபரோவில், பெண் கோண்டாவிலில், நடுவில் வீடியோத் திரை என்று செய்யும் கலியாணமோ சரிவராது. இருவரில் ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை 2015 ஜூன் 11 முதல் ஸ்பொன்சருக்குக் கனடா ஏற்பதில்லை.

காசு விடயத்தில் கனடா இளக்கம். துணையை அழைக்கப் பொதுவாக வருமான வரம்பு கிடையாது. ஆனால் அங்கவீனம் தவிர்ந்த காரணத்துக்காக அரச உதவிப்பணம் எடுப்பவர் ஸ்பொன்சர் பண்ணமுடியாது. தானே துணையால் அழைக்கப்பட்டு வந்தவர், வதிவிட உரிமை பெற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு இன்னொரு துணையை அழைக்கமுடியாது. கட்டணம் 2024 ஏப்ரல் இறுதியில் 1,205 டொலராக உயர்ந்தது. விரல் ரேகைக்கு 85 டொலர் வேறு, வைத்தியப் பரிசோதனைக்கு வேறு. இதற்கிடையில் வாசலும் ஒடுங்குகிறது. துணைவர்களுக்கும் பிள்ளைகளுக்குமாக 2024க்கு 82,000 என்றிருந்த இலக்கு 2025க்கு 70,000 ஆனது. ஆட்கள் குறையாமல் இடங்கள் மட்டும் குறைந்தால் காத்திருப்பு நீளாமல் என்ன செய்யும்?

காத்திருப்பது பெரும்பாலும் பெண்தான். சில வீடுகளில் மாமியாரோடு, சில வீடுகளில் தாய் தகப்பனோடு, “இன்னும் விசா வரேல்லையோ?” என்று கோயில் வீதியில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு. இந்தக் காலத்தில் சட்டத்தின் பிடி முழுக்கக் கணவர் கையில் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. வதிவிட உரிமை கிடைக்கும்வரை எந்த நேரத்திலும் அவர் ஸ்பொன்சரை மீளப்பெறலாம். அதற்கு மனைவியின் சம்மதம் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் முப்பது நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், ஆனால் அந்த உரிமையும் ஸ்பொன்சர் பண்ணியவருக்கே உரியது. அவர் போகாவிட்டால் மனைவி தன் பெயரில் அங்கே போகமுடியாது. விண்ணப்பம் இப்போது இணையவழியில் போகிறது. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கணவரிடமோ ஆலோசகரிடமோ இருந்தால், தன் பெயருக்கு வந்த கடிதத்தையே பெண் காணாமல் இருக்கலாம்.

கையொப்பத்தின் பாரம் மட்டும் அவர் தலையில். தரகர் மூலம் பேசிய சம்பந்தத்தை, நல்லூர்த் திருவிழாவில் கண்டு காதலித்த கதையாக மாற்றி எழுதினால் எடுபடும் என்று நினைக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் தவறான தகவல் தந்த குற்றத்துக்காக ஐந்து ஆண்டுத் தடை. படிவத்தை யார் நிரப்பியிருந்தாலும் பொறுப்பு விண்ணப்பதாரருக்கே என்பது கனடாக் குடிவரவுத் திணைக்களத்தின் நிலைப்பாடு. மறைத்ததும் ஒருநாள் திரும்பி வரும். முன்பு கனடாவுக்குள் நுழைந்தபோது “தனியாள்” என்று எழுதிவிட்டு, ஊரில் விட்டுவந்த மனைவியையும் பிள்ளையையும் பின்னர் அழைக்க முயன்றவர்களுக்கு நிரந்தரமாகக் கதவு சாத்தப்பட்டிருந்தது. 2019 செப்டெம்பரில் தொடங்கிய பரீட்சார்த்தத் திட்டம்தான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு வழிவிட்டது.

இனி, வந்திறங்கிய பிறகு நடக்கும் கதை.

“சொல்லுக் கேக்காட்டி உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவன்.” இந்த ஒரு வசனத்துக்குப் பயந்து அடியையும் வசவையும் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். 2012 ஒக்டோபர் 25 முதல் 2017 ஏப்ரல் வரை அந்த மிரட்டலுக்குச் சட்டத்தில் ஒரு கால் இருந்தது. உறவு தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாமலும் பிள்ளை இல்லாமலும் இருந்தால், வந்த துணை இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழவேண்டும், தவறினால் வதிவிட உரிமை போகலாம் என்ற நிபந்தனை அது. வன்முறைக்கு விலக்கு இருந்தது, ஆனால் அதை நிரூபிக்கவேண்டியவர் அடி வாங்கியவர். பிறகு அந்த நிபந்தனையைக் கனடா நீக்கிவிட்டது. ஊர்ப் பேச்சில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. “ரெண்டு வருஷம் எப்பிடியும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு பிள்ளை” என்று தாய்மாரே தொலைபேசியில் புத்தி சொல்கிறார்கள்.

இன்றைய நிலை இதுதான்: உண்மையான திருமணத்தின் பேரில் உள்ளதை உள்ளபடி சொல்லி நிரந்தர வதிவிடம் பெற்றவர், கணவரைப் பிரிந்தாலும் விவாகரத்து எடுத்தாலும் அந்த உரிமை போகாது. கணவர் முறைப்பாடு எழுதலாம். ஆனால் அட்டையைப் பறிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. மோசடி என்று திணைக்களம் கருதினால் விசாரணை நடத்தவேண்டும், அங்கே பெண்ணும் தன் பக்கத்தைச் சொல்லலாம். மாறாக, கட்டுப்பட்டு நிற்பவர் கணவர்தான். மனைவி வதிவிடம் பெற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளைக் கவனிப்பதாக அவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். பிரிந்தாலும் வேலை போனாலும் அந்த உறுதிமொழி தீராது. அந்தக் காலத்தில் மனைவி அரச உதவிப்பணம் எடுத்தால் அது கணவரின் கடன். உறவினர்களை அழைத்த எட்டுப்பேர் இப்படியான கடன்களை எதிர்த்துப் போன வழக்கில், கடனை அரசு அறவிடலாம், ஆளின் நிலை பார்த்து அறவிடுவதைத் தள்ளிப்போடலாம், ஆனால் தள்ளுபடி செய்யமுடியாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

விசிட் விசாவிலோ மாணவியாகவோ வந்து, உள்ளுக்குள் இருந்தபடியே விண்ணப்பித்திருக்கும் மனைவியின் நிலை இன்னும் மெல்லியது. கணவர் ஸ்பொன்சரை விலக்கினால் காலடி நிலமே போய்விடும். அப்படித் துணையைச் சார்ந்த நிலையில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென 2019 ஜூலை 26 முதல் கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி ஒன்று உண்டு. குறைந்தது ஆறு மாதம் செல்லும், கூடவே வேலை அனுமதியும் கேட்கலாம். அதோடு மனிதாபிமான அடிப்படையில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. இவையெல்லாம் திணைக்களத்தின் பக்கங்களில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கிடக்கின்றன. தேவைப்படுபவரோ தமிழ்க் கடைத்தெருவில், கணவரோடு கூடப்போய்க் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

லண்டன் சம்பந்தமென்றால் கணக்கு வேறு. அங்கே அழைப்பவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுணாக இருந்தால் போதும் என்றிருந்தது, 2024 ஏப்ரலில் 29,000 ஆனது. வந்தவர் நிரந்தரமாகக் குடியேற வழமையாக ஐந்து ஆண்டுகள் ஆகும், இடையில் விசாவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அமெரிக்காவில், திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையமுதல் வதிவிட உரிமை பெறுபவருக்கு இரண்டு ஆண்டு நிபந்தனை அட்டைதான் முதலில் கிடைக்கும். இந்த இரண்டு நாடுகளோடு பார்த்தால் கனடா கொடுக்கும் அட்டை திடமானது. அதை வைத்திருப்பவர் அறியாமல் இருப்பதுதான் கவலை.

ஏமாந்த கணவர்களும் இல்லாமலில்லை. விமான நிலையத்தில் இறங்கியதும் கண் காணாமல் போன மனைவியர், மாப்பிள்ளையாக அழைக்கப்பட்டு வந்து சில மாதங்களில் வேறு வீடு பார்த்த ஆண்கள் பற்றிய கதைகளும் நம்மவர் மத்தியில் உலவுகின்றன. விசாரணையும் ஐந்தாண்டுத் தடையும் அவற்றுக்காகவே இருக்கின்றன. ஆனால் அந்தக் கதைகளைச் சொல்ல ஆட்கள் உண்டு, மூன்றாம் மாடி அப்பார்ட்மென்டில் வாய் மூடி இருக்கும் பெண்ணின் கதை வெளியில் வருவதில்லை.

ஆகவே பெண்ணைப் பெற்றவர்களிடம் கேட்கவேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மண்டபத்துக்கு முற்பணம் கட்டமுதல் மாப்பிள்ளையின் நிலையை விசாரியுங்கள்: பிரஜையா, நிரந்தர வதிவாளரா, அகதியாகப் போனவரா, முன்பு யாரையும் ஸ்பொன்சர் பண்ணினவரா, அல்லது தானே அப்படி வந்தவரா, வந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டதா? பெண்ணின் பெயரில், பெண் மட்டும் கடவுச்சொல் அறிந்த மின்னஞ்சல் ஒன்று இருக்கட்டும், கோப்பில் அதையே கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படிவத்தையும் அவர் வாசித்து, விளங்காத இடத்தை விளங்கிக்கொண்டு, பிறகு கையொப்பம் வைக்கட்டும். பொய்யாக ஒரு வரி இருந்தாலும் திருத்தச் சொல்லட்டும். முழுக் கோப்பின் பிரதியும், திருமணச் சான்றிதழும், நிரந்தர வதிவிடத்தை உறுதிசெய்யும் பத்திரமும் அவருடைய பையில் இருக்கட்டும்.

ஏற்கெனவே போய்ச் சேர்ந்து, “திருப்பி அனுப்பிப்போடுவன்” என்ற சொல்லுக்குப் பயந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு தகவல். நிரந்தர வதிவிட அட்டை உங்கள் பெயரில் இருந்தால் அப்படி அனுப்பும் உரிமை உங்கள் கணவருக்குச் சட்டத்தில் இல்லை. உடனடி ஆபத்தென்றால் 911ஐ அழையுங்கள். ஒன்ராறியோவில் வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லாச் சட்ட உதவி இருக்கிறது, தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள்.