மணல் சட்டியில் ஓட்ஸ் விசுக்கோத்து: ‘சீனி வருத்தத்துக்கு நல்லது’ என்பது எவ்வளவு உண்மை?

கடந்த மாதக் கிளினிக்கில் அம்மாவின் சீனி அளவு 196 என்று வந்தது. வெறும் வயிற்றில் எடுத்த அளவு. அதற்கு முந்தைய முறை 140. மருந்து தவறவில்லை. சோற்றையும் குறைத்துத்தான் சாப்பிடுகிறார். வீட்டுக்குள் புதிதாக வந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பிளாஸ்ரிக் டப்பா ஓட்ஸ் குக்கீஸ். ‘சீனி சேர்க்கப்படாதது, நீரிழிவு உள்ளவர்களுக்கு உகந்தது’ என்று மூடியில் கையால் எழுதி ஒட்டியிருந்தது. அதை நம்பி, காலையில் பிளேன்ரீயோடு மூன்று, பின்னேரம் மூன்று என மூன்று கிழமையாகச் சாப்பிட்டிருக்கிறார்.

சீனி ஏறுவதற்குக் காய்ச்சலில் இருந்து கவலை வரை பல காரணங்கள் உண்டு. ஒரு டப்பா விசுக்கோத்தின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆனாலும் அதைச் செய்து விற்ற பெண்ணிடம் கேட்டேன். கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். வீட்டு அடுப்படிதான் அவருடைய தொழிற்சாலை. “சீனி ஒரு கரண்டிகூடப் போடேல்லை அக்கா, பனங்கட்டிதான் போட்டனான்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. யூரியூப்பில் பார்த்த செய்முறையில் அப்படித்தான் இருந்திருக்கிறது.

கோபப்பட யாரும் இல்லாத இடத்தில் செய்யக்கூடியது, அந்த விசுக்கோத்துக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்ப்பது. அதனால் வீட்டில் நாங்களே சுட்டுப் பார்த்தோம். ஓட்ஸ் பெட்டியைப் பிரித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “உது என்ன பிள்ளை, மாட்டுக்கு வைக்கிற தவிடு மாதிரிக் கிடக்கு?”

அம்மா கேட்டதில் பிழையில்லை. ஓட்ஸ் குளிர்ப் பிரதேசத் தானியம். ஸ்கொட்லாந்துக்காரர் அதில் கஞ்சியும் தட்டை ரொட்டியும் செய்து உயிர் வளர்த்தார்கள். பக்கத்து இங்கிலாந்தில் அது பெரும்பாலும் குதிரைத் தீனி. அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் அதற்குப் பெட்டியும் பெயரும் வந்தன. குவேக்கர் என்ற வணிகக்குறி 1877இல் பதிவானது. பொஸ்ரன் சமையற் பள்ளியை நடத்திய ஃபானி ஃபாமர் 1896இல் வெளியிட்ட சமையற் புத்தகத்தில் ஓட்ஸ் குக்கீ செய்முறை இருக்கிறது. பிறகு ஓட்ஸ் பெட்டியிலேயே செய்முறையை அச்சிட்டு விற்றார்கள், முந்திரிகை வத்தலும் சேர்ந்துகொண்டது. இன்று ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் கோப்பிக்கடையில் வாங்கித் தின்பது அதன் பேரப்பிள்ளையைத்தான்.

நாங்கள் எடுத்த அளவு இது. ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மா 100 கிராம், மாஜரின் அல்லது பட்டர் 100 கிராம், சிவப்புச் சீனி 100 கிராம், முட்டை ஒன்று, முந்திரிகை வத்தல் (கடையில் பிளம்ஸ் என்று கேட்டால்தான் தருவார்கள்) 80 கிராம், அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி, வனிலா சில துளி. மாஜரினில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் உப்பு ஒரு சிட்டிகை போதும். இதில் 24 விசுக்கோத்து வரும்.

வெளிநாட்டுச் செய்முறைகளைப் பார்த்துச் செய்பவர்கள் முதலில் வழுக்குவது சீனியில். அவர்கள் சொல்லும் பிரவுண் சுகர், கரும்புப் பாகு கலந்த, ஈரமான, கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கும் சீனி. எங்கள் கடைச் சிவப்புச் சீனி காய்ந்தது, மணி பெரியது. அப்படியே போட்டால் மாஜரினோடு கரையாமல் நறநறவென்று நிற்கும். விசுக்கோத்தும் பரவாமல் கட்டையாக இருக்கும். உரலிலோ கிரைண்டரிலோ ஒரு சுற்று இடித்து, ஒரு மேசைக்கரண்டி கித்துள் பாணியோ உருக்கிய பனங்கட்டியோ சேர்த்தால் அந்த ஈரம் கிடைக்கும். கேக் அடிப்பது போல நுரைக்க நுரைக்க அடிக்கத் தேவையில்லை. சீனியும் மாஜரினும் சேர்ந்து வெளிறினால் போதும். கூட அடித்தால் காற்று ஏறி, விசுக்கோத்து பொங்கிப் பிறகு அமுங்கிவிடும்.

அடுத்தது ஓட்ஸ். இங்கே கூடுதலாகக் கிடைப்பது உடனடி ஓட்ஸ். அது மெல்லிசாக நொறுக்கப்பட்டது. ஈரத்தை உடனே குடித்துக் களியாகிவிடும். முழுத் தகடாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உடனடி ஓட்ஸை வெறும் தாச்சியில் மெல்லிய நெருப்பில் ஐந்து நிமிடம் வறுத்து ஆறவைத்துப் போடலாம். வாசமும் வரும், களித்தன்மையும் குறையும். பயறு வறுத்த கை உள்ளவர்களுக்கு இதற்குப் பாடம் தேவையில்லை.

முந்திரிகை வத்தலைப் பெட்டியிலிருந்து நேரே கொட்டக்கூடாது. காய்ந்த வத்தல் மாவில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெளியே துருத்திக்கொண்டு நிற்பது கருகிக் கசக்கும். சூடான பிளேன்ரீயில் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, வடித்து, துணியில் ஒற்றி எடுத்துப் போட்டோம். தேயிலைச் சாயம் அதற்கு ஒரு தனி ருசியைக் கொடுக்கிறது. இது எந்தப் புத்தகத்திலும் பார்த்ததல்ல. அடுப்பில் பிளேன்ரீ இருந்தது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் குழைத்த பிறகு அரை மணித்தியாலம் விட வேண்டும். ஓட்ஸ் ஈரத்தைக் குடித்து இறுகும். மாஜரினும் கொஞ்சம் உறையும். எங்கள் வெயிலுக்கு வெளியே வைத்தால் மாஜரின் உருகி, சுடும்போது விசுக்கோத்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அப்பமாகிவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் பாத்திரத்தை மூடித் தண்ணீர்த் தட்டில் வைக்கலாம்.

ஓவன் இருந்தால் 175 பாகை செல்சியஸில் 11, 12 நிமிடம். ஓவன் இல்லாத வீடுகளுக்குத்தான் அம்மா இருக்கிறார்.

1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமம். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை எங்களுடையது. அந்த நாட்களிலும் பிறந்தநாள் வந்தது, நத்தார் வந்தது, கேக்கும் வந்தது. பெரிய அலுமினியச் சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணலைப் போட்டு, அடுப்பில் ஏற்றி, உள்ளே தட்டை வைத்து மூடி, மூடியின் மேல் சிரட்டைக் கரி நெருப்பைப் பரப்பினால் அது போறணை. எனக்கு ஏழு வயது நடந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்தை விட்டுக் கிளம்பியபோது அந்தச் சட்டி வீட்டோடு நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது கதவும் இல்லை, சட்டியும் இல்லை. ஆனால் வித்தை அம்மாவோடு வந்திருந்தது. 2022இல் எரிவாயு இல்லாமல், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனபோது வேறொரு சட்டியில் அது மீண்டும் வெளியே வந்தது.

மணல் ஏன் என்று அப்போது கேட்டதில்லை. இப்போது கேட்டால் விளங்குகிறது. நெருப்பு ஒரே இடத்தில் குத்துவதை மணல் தாங்கிப் பரப்புகிறது; சூடேற நேரமெடுக்கும், ஏறிய பிறகு இறங்கவும் நேரமெடுக்கும். மூடியைத் திறந்து மூடினாலும் சட்டி சட்டென்று குளிராது. மேலே வைக்கும் தணல் இல்லாவிட்டால் அடி சிவந்து மேல் வெளிறி நிற்கும். செங்கல் போறணையில் பாண் சுடுவதும் இதே கணக்கில்தான்: முதலில் கல்லைச் சூடாக்கு, பிறகு கல் சுடட்டும்.

மணலைக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். உப்பு மணல் வேண்டாம். சட்டியை மூடி 15 முதல் 20 நிமிடம் சூடாக்கி, உள்ளே ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பொன்னிறமானால் சூடு சரி. கருகினால் நெருப்பைக் குறையுங்கள். தட்டு மணலில் நேரே படக்கூடாது. ஒரு கம்பி வளையமோ மூன்று சிறு கல்லோ வைத்து அதன் மேல் வையுங்கள். தேசிக்காய் அளவு உருண்டையாக உருட்டி, இலேசாகத் தட்டி, இடைவெளி விட்டு அடுக்குங்கள். எங்களுக்கு முதல் தட்டுக்கு 20 நிமிடம் எடுத்தது, அடுத்தடுத்த தட்டுக்கு 16, 17. ஒட்டாத பூச்சுப் பூசிய பாத்திரத்தில் இதைச் செய்யவே கூடாது. வெறுமனே அவ்வளவு சூடாக்கினால் பூச்சு கெட்டு நச்சுப் புகை வரும். கரி நெருப்பை அடைத்த குசினிக்குள் வைக்காதீர்கள், மணமில்லாத அந்த வாயு ஆளைக் கொல்லும். எரிவாயுவில் செய்பவர்கள் ஒரு தட்டுக்காக மட்டும் மணலைச் சூடாக்கினால் காசு காற்றில் போகும். சுடுவதென்றால் எல்லாவற்றையும் ஒரே இருப்பில் சுட வேண்டும்.

விளிம்பு சிவந்து, நடு இன்னும் வேகாதது போல மெதுவாக இருக்கும்போதே இறக்க வேண்டும். நான் பொறுமையில்லாமல் ஒன்றைக் கிளப்பினேன், இரண்டாக உடைந்தது. “ஆறவிடு பிள்ளை, சூட்டில எடுத்தா உடையுந்தானே” என்றார் அம்மா. சூட்டில் உருகியிருக்கும் சீனியும் கொழுப்பும் ஆறும்போதுதான் இறுகுகின்றன. கல்லாகும் வரை சுட்டுவிட்டு ‘ஓட்ஸ் என்றால் இப்படித்தான்’ என்று சொல்பவர்கள் பலர்.

இனி அந்த லேபிளுக்கு வருவோம்.

ஓட்ஸ் உடம்புக்கு நல்லது என்பதற்கு அடிப்படை இருக்கிறது. அதில் பீற்றா குளூக்கன் என்ற கரையும் நார்ப்பொருள் உண்டு. அது குடலில் பசை போலாகி, கொலஸ்ட்ரோலைக் குறைக்க உதவுகிறது. சீனி இரத்தத்தில் ஏறும் வேகத்தையும் தணிக்கிறது. 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பொதிகளில் இதய நலம் பற்றி எழுத அனுமதித்தது. ஆனால் அந்த அனுமதியில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன: நாளொன்றுக்கு 3 கிராம் பீற்றா குளூக்கன் வேண்டும், அதுவும் நிறைவுற்ற கொழுப்பு குறைந்த உணவோடு. 3 கிராம் கிடைக்க ஏறத்தாழ 75 கிராம் ஓட்ஸ் தேவை.

எங்கள் 24 விசுக்கோத்தில் இருப்பது 150 கிராம் ஓட்ஸ். ஒன்றில் 6 கிராமுக்குச் சற்று மேல். அந்த நன்மைக்கு ஒரு நாளைக்கு 12 விசுக்கோத்துத் தின்ன வேண்டும். அதோடு 50 கிராம் சீனி, 50 கிராம் மாஜரின், 50 கிராம் கோதுமை மா சேர்ந்தே உள்ளே போகும். முந்திரிகை வத்தல் வேறு. அதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 60 கிராம் சீனிதான். எல்லாம் கூட்டினால் ஒரு விசுக்கோத்தில் 6 கிராம் சீனி, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. ஒரு நாளைக்கு ஆறு சாப்பிட்ட அம்மா ஒன்பது தேக்கரண்டிச் சீனி சாப்பிட்டதற்குச் சமம். பிளேன்ரீக்குச் சீனி போடாமல் குடித்துக்கொண்டு.

பனங்கட்டி போட்டால்? பனங்கட்டியும் பெரும்பகுதி சுக்குரோசுதான், கடைச் சீனியில் இருப்பதும் அதுவே. சிறிதளவு தாதுப்பொருள்களும் எங்கள் மண்ணின் வாசமும் கூடுதலாக உண்டு. பனை எங்களுக்குச் செய்ததை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் குருதியில் சீனியை அளக்கும் கருவிக்குப் பனையும் கரும்பும் ஒன்றுதான். தேனும் கித்துள் பாணியும் அப்படியே.

சீனியை 60 கிராமாகக் குறைத்து இரண்டாம் முறை சுட்டோம். விசுக்கோத்து குறைவாகப் பரவியது, கொஞ்சம் பாண் தன்மை வந்தது, ஆனால் நன்றாகவே இருந்தது. வத்தலின் இனிப்பே போதுமாக இருந்தது. 40 ஆகக் குறைத்தபோது காய்ந்து உதிர்ந்தது. சீனி இனிப்புக்கு மட்டுமல்ல, ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். கோதுமை மாவில் பாதிக்குக் குரக்கன் மா போட்டும் பார்த்தோம். குரக்கனில் ஒட்டும் புரதம் இல்லாததால் இலகுவாக உடைகிறது, ஆனால் ருசி எனக்கு மற்றதைவிடப் பிடித்தது. எப்படிச் செய்தாலும் இது இனிப்புப் பண்டம். அம்மாவுக்கு இப்போது பின்னேரம் ஒன்று, அதுவும் தினமும் இல்லை. கிளினிக் தாதியிடம் சொல்லித்தான்.

வீட்டில் செய்து விற்பவர்களுக்கு ஒரு விடயம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கும் லேபிளைத் தடை செய்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டால், ‘யூரியூப்பில் இருந்தது’ என்ற பதில் காப்பாற்றாது. ‘நீரிழிவுக்கு உகந்தது’ என்று எழுதாமல், என்ன போட்டீர்கள், எத்தனை கிராம், எப்போது செய்தது என்று எழுதுங்கள். ‘பனங்கட்டி சேர்த்தது’ என்பது உண்மை, அதற்கே வாங்க ஆட்கள் உண்டு. எங்களுக்கு விற்ற பெண்ணிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப வாற ஓடருக்கு என்னெண்டு எழுதுறது அக்கா?” என்று கேட்டார். இரண்டு பேருமாக இருந்து எழுதினோம். அந்த லேபிளோடு எவ்வளவு விற்கும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சுட்டதை முழுதாக ஆறவிட்டுக் காற்றுப்புகாத பேணியில் போட்டால் ஒரு கிழமை இருக்கும்; சூட்டோடு மூடினால் இரண்டு நாளில் நமத்துவிடும். மணலை எறிய வேண்டாம். ஆறியதும் அரித்து எடுத்து வைத்தால் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். எங்களுடையது பழைய பால்மாப் பேணியில், அடுப்புக்குக் கீழே இருக்கிறது.